பாறை முனையில் எடுத்த படம்

இப்போதைய கேமராக்கள் படத்தோடு நிற்பதில்லை; எடுத்தவர் மனத்தில் ஓடியதைக் கவிதையாகக் கீழே எழுதியும் விடுகின்றன. என் தங்கை பூங்கோதையும் மாப்பிள்ளை தணிகைவேலும் கொடைக்கானல் போய்வந்தார்கள். மாப்பிள்ளை எடுத்த படங்களைச் சுவரில் ஓடவிட்டு, தங்கை கவிதைகளைச் சத்தமாக வாசித்தாள். பனி மூடிய பள்ளத்தாக்கின் விளிம்பில், பாறை முனையில் அவள் சிரித்துக்கொண்டு நிற்கும் படம் வந்தது.

"ஒரு கை தள்ளினால் போதும்,
பனி கேள்வி கேட்காது."

"மெஷின் உளறுதுடீ!" மாப்பிள்ளை கேமராவைத் தரையில் அடித்து உடைத்தார்.

"மெஷினாடா தள்ள நெனச்சுது?" ஓங்கி அறைந்தேன். அவர் உதடு கிழிந்து ரத்தம் கொட்டியது. மறுபடியும் அறைந்தேன்.

பூங்கோதை சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"படம் எடுத்ததும் ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு வந்தாருண்ணே. கொஞ்ச வர்றாருன்னு நெனச்சு, நானே ஓடிப்போய்க் கட்டிக்கிட்டேன்."