பெரிய லீக்கிலிருந்து ஓர் அழைப்பு

டாரல் போனை வைத்ததும் போட்ட கூச்சலில் சமையலறையே அதிர்ந்தது.

"பெரிய லீக்ல கூப்பிட்டுட்டாங்க மார்லா! நாளைக்கே பாஸ்டன்ல ஆட்டம்!"

அவன் மனைவி முட்டையை அடுப்பிலேயே விட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

சத்தம் கேட்டு, மாடியில் வாடகைக்கு இருந்த லானி இறங்கி ஓடிவந்தான். டாரலின் பேஸ்பால் டீமில் பந்து வீசுபவன். விஷயம் தெரிந்ததும் டாரலைக் கட்டிப்பிடித்து அப்படியே தூக்கிவிட்டான்.

"கிழவா! இத்தனை வருஷமா சின்ன லீக்ல டீம் மாறி டீம் மாறி, மைதானத்து மூலையில நின்னு பந்து பிடிச்சதுக்குப் பலன் கிடைச்சிருச்சுடா!"

"இறக்கி விடுடா, பையைக் கட்டணும்" என்றான் டாரல். சட்டைகளை மடித்தான். ஷூவைத் துடைத்தான். கடைசியாக, கம்பி போட்ட முகமூடி ஒன்றைப் பையில் வைத்தான்.

லானி விழித்தான். "இது அம்பயர் மாட்டுறதாச்சே?"

"ஆமா. அம்பயர் அங்க உட்கார்ந்திருக்காங்க பாரு. போய் வாழ்த்து சொல்லு."

பக்கத்து மாநிலத்துச் சின்ன லீக்கில் அம்பயராக இருந்த மார்லா, அழுதுகொண்டே சிரித்தாள்.

"உனக்கு வருத்தமா இல்லையா?" லானி மெதுவாகக் கேட்டான்.

"இல்லாம இருக்குமா? ஆனா வீட்டுல ஒருத்தராவது போறோமே!" டாரல் மனைவியிடம் திரும்பினான். "நானும் ஒருநாள் அங்க ஆட வருவேன். அன்னிக்குக் கொஞ்சம் பார்த்து நடந்துக்க."

மார்லா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"தாராளமா வா. ஆனா அவுட்னா அவுட்தான்."