ஒரு வாய் காரம்

மகளின் பிறந்தநாளுக்குத் தோழிகள் வர இன்னும் அரை மணி நேரமே இருந்தது. அப்பா அவித்த கோழியை நாராகப் பிய்த்து, சீஸும் மிளகாய் சாஸும் க்ரீமும் சேர்த்துச் சூடாகக் கிளறிக்கொண்டிருந்தார்.

“சிக்கன் டிப் தயார். ஒரு வாய் பாரு,” என்று மனைவியிடம் கரண்டியை நீட்டினார்.

வாயில் வைத்தவள் முகத்தைச் சுளித்தாள். “ஐயோ! என்னங்க இவ்வளவு காரம்? சின்னப் பிள்ளைங்க எப்படித் தொட்டுச் சாப்பிடும்?”

“என்ன சொன்னே?”

“காரம்னேன். உப்பும் தூக்கல்.”

“இன்னொரு தடவை சொல்லு!”

“அள்ளிக் கொட்டி வச்சிட்டு, கிண்டல் வேறயா?”

அவர் கூடத்தைப் பார்த்துக் கத்தினார். “பாப்பா, ஓடி வா! உங்கம்மா என் சமையலைத் திட்டுறா!”

ஓடி வந்த மகள் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அப்போதுதான் அம்மாவுக்கே உறைத்தது. ஒரு காய்ச்சலில் நாக்கு மரத்து, எந்த ருசியும் தெரியாமல் போய், ஓட்டலில் பார்த்துவந்த சமையல் வேலையை அவள் விட்டு ஏழு மாதம் ஆகிறது. அன்றிலிருந்து கணவர் எதைச் சமைத்துக் கொடுத்தாலும், “நல்லா இருக்குங்க” என்று மட்டும்தான் சொல்லிவந்தாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கரண்டியைப் பிடுங்கினாள்.

“தள்ளுங்க. இன்னும் கொஞ்சம் க்ரீம் ஊத்தினா சரியாயிடும்.”