அறுபது போதும்

"அண்ணாச்சி, ஜிம்முக்கு வாரவங்க எல்லாரும் டார்கெட்ட ஏத்துவாவ. நீங்க மட்டும் எறக்கிக்கிட்டே வாரிய. கழுத தேஞ்சு கட்டெறும்பான கதையால்லா இருக்கு."

சுஹைப் சொன்னதைக் கேட்டு பால்வண்ணநாதன் சிரிக்கவில்லை. உள்ளங்கை வியர்வையைத் துண்டில் துடைத்தார்.

"நாப்பத்தஞ்சு போதும் தம்பி. அதுக்கு மேல வேண்டாம்" என்றார்.

சுஹைபுக்கு அலுப்பாக வந்தது. ஷார்ஜாவில் எட்டு வருஷம் ஜிம் பயிற்சியாளனாக மாரடித்துவிட்டு வந்து, தென்காசி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் சொந்தமாக ஜிம் திறந்தவன் அவன். தையில் சேருகிறவன் மாசியில் காணாமல் போவான். குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டால் மிச்சம் மீதி இருப்பவனும் அருவிக்கரையில்தான் கிடப்பான். ஒரு நாள் தவறாமல் வருகிற ஒரே ஆள் இந்த அண்ணாச்சிதான். ஆய்க்குடியிலிருந்து பஸ் பிடித்து வருகிறார். அவரும் இப்படிப் பின்வாங்கினால் என்ன செய்வது?

தையில் முதல் நாள் வந்தபோது அவர் கேட்டது அறுபது கிலோ.

"முதுகுல டிஸ்க் போச்சு தம்பி. தரையிலருந்து எடை தூக்குத டெட்லிஃப்ட மொதல்லருந்து சொல்லிக் குடு. அறுபது கிலோ தூக்கணும். அறுபது போதும்."

சாதாரண ஆள் இல்லை. போலீஸில் இருந்த காலத்தில் நூற்றுநாற்பது கிலோவைத் தரையிலிருந்து தூக்கிக் கோப்பை வாங்கியவர்.

"எப்பிடி அண்ணாச்சி அடிபட்டுச்சு?"

"வீட்டுல ஒரு தூக்கு தூக்கினேன். முதுகு வசமா பிடிச்சிக்கிட்டு."

காஸ் சிலிண்டராக இருக்கும் என்று சுஹைப் நினைத்துக்கொண்டான்.

"இன்னொரு தடவ பிடிச்சா ஆபரேஷன்தான்னு டாக்டர் எழுதியிருக்காவளே. பேசாம தூக்காம இருந்தா என்ன? யாரு உங்கள கட்டாயப்படுத்துதா?"

"தூக்காம முடியாது தம்பி. நான் ஆபரேஷன்னு போயி படுத்தேன்னா எல்லாம் போச்சு. அதான் பிசகாம சொல்லிக் குடேன்."

ரிட்டயர் ஆனவரின் வீம்பு. இந்த மாதிரி எத்தனை பேரைப் பார்த்திருக்கிறான்.

ஆனால் வீம்புக்காரர்கள் அவசரப்படுவார்கள். இவர் அவசரப்படவில்லை. முதல் மாதம் முழுக்க வெறும் பிளாஸ்டிக் குழாயை வைத்துக்கொண்டு இடுப்பைப் பின்னால் தள்ளிக் குனியப் பழகினார். முதுகு வளையாமல், மூச்சை வயிற்றில் நிறுத்தி நிமிரப் பழகினார். அப்புறம்தான் இருபது கிலோ வெறுங்கம்பி. அதுவும் தரையிலிருந்து இல்லை, முட்டி உயரக் கட்டையின் மேலிருந்து. காலில் சுருக்கென்று வலி இறங்கினால் அன்றைக்கு அதோடு சரி. வாரத்துக்கு இரண்டரை கிலோ ஏற்றினார்கள். சில வாரம் அதுவும் கிடையாது.

எடையைத் தூக்கி நிமிர்ந்ததும் சும்மா நிற்க மாட்டார். சின்னச் சின்ன அடியாக வைத்து ஒரு பக்கம் திரும்புவார். திரும்பி வந்து, சத்தமே வராமல் இறக்குவார். மற்றவர்கள் எல்லாம் தடாலென்று போட்டுவிட்டுக் கண்ணாடியைப் பார்க்கிற இடத்தில் இவர் ஒருத்தர் இப்படி.

எல்லாம் சரிதான். அந்த எண்தான் சுஹைபை உறுத்தியது. மாசியில் "அம்பத்தாறு போதும்" என்றார். பங்குனி முடிகையில் அது ஐம்பது ஆனது. திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்த மறுநாள்தான் ஒவ்வொரு தடவையும் எண் இறங்கும். டாக்டர் பயங்காட்டி அனுப்புகிறார் போல. நேற்றும் போயிருக்கிறார், இன்றைக்கு நாற்பத்தைந்து. மனுஷருக்கு உடம்பு தேறுகிறது, மனசு விட்டுப் போகிறது என்று சுஹைபுக்கு வருத்தமாக இருந்தது.

"சரி, நீங்க சொன்ன நாப்பத்தஞ்சே இருக்கட்டும். வாங்க. கம்பிய காலோட ஒட்டி வைங்க. மூச்சு. முதுகு நேரா. ம், எந்திரிங்க."

பால்வண்ணநாதன் நிமிர்ந்தார். முதுகு பலகையாக நின்றது. திரும்பினார். திரும்பி வந்தார். பூனை மாதிரி இறக்கி வைத்தார்.

"வலி?"

"இல்ல."

"காலுல?"

"ஒண்ணும் இல்ல தம்பி."

அஞ்சு மாத அலுப்பும் சுஹைபுக்கு ஒரு நொடியில் பறந்துவிட்டது. செல்போனை எடுத்து வீடியோவை ஓடவிட்டான்.

"எட்டிப் பிடிச்சிட்டிய அண்ணாச்சி. இங்கன பாத்து ஒரு சிரிப்பு சிரிங்க. அடுத்த மாசம் அம்பதுக்குப் போயிருவோம். உங்களுக்கு பயம் ஒண்ணுதான் மிச்சம். அந்த டாக்டர் சொல்லுதத எல்லாம் மனசுல போட்டுக்கிடாதீய."

பால்வண்ணநாதன் பெஞ்சில் உட்கார்ந்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்த துண்டை முகத்திலிருந்து எடுக்கவில்லை.

"திருநெல்வேலி டாக்டர் எனக்கு ஒண்ணும் சொல்லல தம்பி. எங்க வீட்டுல உள்ளவளுக்குத்தான் வைத்தியம். மார்கழியிலருந்து படுக்கைதான். வேற யாரு தூக்கினாலும் கூச்சப்படுதா, நான்தான் தூக்கிக் குளிப்பாட்டணும். போற நேரமெல்லாம் அங்கன அவளுக்கு எடை பாப்பாவ."

சுஹைபின் கையில் செல்போன் தாழ்ந்தது.

"நான் எங்க எட்டிப் பிடிச்சேன்? அவதான் எறங்கி எறங்கி வந்துட்டா."