பத்து மணி போன்

சரியாகப் பத்து மணிக்குப் போன் அடித்தது.

"கடிகாரம் தப்பினாலும் இந்தம்மா தப்ப மாட்டாங்க" என்று முனகிக்கொண்டே புகார்ப் பிரிவு எழுத்தர் போனை எடுத்தார்.

"தம்பி, ஒன்பது அஞ்சுக்கு என் வீட்டு மேல நாலு ஹெலிகாப்டர் போச்சு. ஆனா..."

"பதிவு பண்ணிட்டேன்மா!"

டக்கென்று வைத்துவிட்டார். அந்த 'ஆனா'வுக்கு அப்புறம் என்ன வரும் என்று அவருக்குத் தெரியாதா? காது போகுது, ஜன்னல் அதிருது, பால் குக்கர் சத்தமே கேட்கலை. இந்த நாற்காலியில் உட்கார்ந்து அவர் கேட்காத ஆனாவா?

'சத்தம். புகார் எண் பத்தொன்பது' என்று எழுதினார். எழுதி முடித்ததும்தான் அந்த எண்ணைக் கவனித்தார்.

ராணுவ ஹெலிகாப்டர் பயிற்சித் தளத்தின் வேலியை ஒட்டிப் புது வீடுகள் வந்தபோதே, கட்டியவர்களும் தளத்துக்காரர்களும் உட்கார்ந்து பேசி ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். வீடுகள் இரண்டு மாடிக்கு மேல் போகக் கூடாது. ஒன்பது மணிக்கு முன்னால் ஹெலிகாப்டர் பறக்கக் கூடாது. ஒரே மாதத்தில் இருபது புகார் வந்துவிட்டால், அந்தப் பக்கம் பறப்பதையே நிறுத்திவிட வேண்டும்.

நாளையோடு மாதம் முடிகிறது. பத்தொன்பதில் பதினெட்டு, இந்த ஒரே அம்மா கொடுத்தது.

விஷயத்தைக் கேட்டதும், பயிற்சியை நடத்தும் மேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"நாளைக்கும் அந்தம்மா போன் பண்ணினா போச்சு. அப்புறம் மலைப் பக்கமாத்தான் பறக்கணும். அந்தக் காத்துல, இப்பதான் கத்துக்கற பிள்ளைங்களை எப்படிய்யா அனுப்புவேன்? நேர்ல போய்ப் பேசிப் பாருங்க."

"போறேன் சார். நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி நாலு கேள்வி கேட்டுட்டு வரேன்."

"ஐயோ, கெஞ்சிட்டு வாங்க!"

வழி நெடுக எழுத்தர் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனார். தளம் இருப்பது தெரிந்துதானே வீடு வாங்கினீர்கள்? அந்தப் பிள்ளைகள் வேறு எங்கே போய்க் கற்றுக்கொள்வார்கள்? ஒரு மனுஷிக்கு இவ்வளவு சுயநலம் ஆகுமா?

கடைசி வீட்டு மொட்டை மாடியில், வானத்தையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தார் அந்த அம்மா. துவைத்த துணி ஒன்றுகூட இல்லாத கொடியில், ஒரே ஒரு சிவப்புக் கிளிப் மட்டும் தொங்கியது.

"வணக்கம்மா. தளத்துல இருந்து வரேன். புகார்ப் பிரிவு."

அந்த அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது.

"நேர்லயே வந்துட்டீங்களா? எதுவானாலும் சொல்லிடுங்க தம்பி. அந்தப் பிள்ளைக்கு என்ன ஆச்சு?"

"எந்தப் பிள்ளைக்கும்மா?"

"நாலாவது ஹெலிகாப்டர்ல போன பிள்ளைக்கு!" கொடியைக் காட்டினார். "போகும்போது ஒண்ணுக்கு ஒரு கிளிப் மாட்டுவேன். திரும்பி வர வர எடுத்துடுவேன். தினம் நாலு போகுது, மூணுதான் வருது. 'ஆனா, ஒண்ணு இன்னும் வரலையே'ன்னு நான் கேட்கறதுக்குள்ள நீங்க போனை வெச்சுடறீங்க. மறுநாள் மறுபடியும் நாலைக் கண்ணால பார்த்தாத்தான் எனக்குப் போன உயிர் வருது."

ஒத்திகை பார்த்ததெல்லாம் எழுத்தருக்கு மறந்தே போயிற்று.

"கடைசி ஒண்ணு... தளத்தோட பின்பக்கமா வந்து இறங்கும்மா. தினமும் அப்படித்தான். பயிற்சியே அதுதான்."

"வந்துடுதா?"

"தினமும் பத்திரமா வந்துடுதும்மா."

அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிவப்புக் கிளிப்பைக் கழற்றிக் கூடையில் போட்டார்.

"அதுல ஓட்டறவங்க யாராவது உங்க சொந்தமாம்மா?"

"சொந்தமா? முப்பது வருஷம் ஸ்டேஷன் மாஸ்டரா இருந்தேன் தம்பி. அனுப்பின வண்டி அடுத்த ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்துச்சுன்னு போன் வந்தாத்தான் எங்களுக்கு மூச்சே வரும். உள்ள இருக்கறது யாரு வீட்டுப் பிள்ளைன்னா பார்த்தோம்?"

மறுநாள் காலை மேஜர் புகார்ப் புத்தகத்தைப் புரட்டினார். பதினெட்டு புகார்கள் அடிக்கப்பட்டிருந்தன. கீழே புதிதாக ஒன்று: 'புகார் எண் இரண்டு. எழுத்தர் எதையும் காது கொடுத்துக் கேட்பதில்லை. விசாரித்ததில் உண்மை.'

"இது யாருய்யா கொடுத்த புகார்?"

எழுத்தர் கடிகாரத்தைப் பார்த்தார். மணி பத்து. போன் அடிக்கும் வரை காத்திருக்காமல், அவரே எடுத்து எண்களை அழுத்தினார்.

"அம்மா, நாலும் பத்திரமா வந்து சேர்ந்தாச்சு. ஆனா..." இத்தனை நாளைக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார்.

"பதிவு பண்ணிட்டேன் தம்பி!" என்று சிரித்துக்கொண்டே போனை வைத்துவிட்டார் அந்த அம்மா.