காலி வட்டம்

"பாய், இந்தத் தடவையும் அதே எடத்துல உப்பிருச்சு" என்றான் அச்சு மெஷின் ஓட்டும் பால்பாண்டி.

சிக்கந்தர் கையிலிருந்த டீ பாதி சட்டையில் கொட்டியது. தல்லாகுளத்தில் பதினைந்து வருஷமாக பேனர் கடை நடத்துகிறவர். ஒரே வேலை மூன்று தடவை பாழாகி இப்போதுதான் பார்க்கிறார். போட்டது போட்டபடி உள்ளறைக்கு ஓடினார்.

ரெண்டு மாதத்துக்கு முன்னால் கடன் வாங்கி இறக்கிய லேடெக்ஸ் மெஷின். சூடேற்றி மையைக் காய வைத்து வெளியே தள்ளும். அதன் வாயிலிருந்து அஞ்சடி அகல வினைல் ஷீட் தொங்கிக்கொண்டிருந்தது. மேலெல்லாம் பளிச்சென்று இருந்தது. நடுவில் மட்டும் அப்பளம் பொரிந்த மாதிரி மேடும் பள்ளமும்.

நாளைக் காலையில் காதணி விழா. கோகுல்நாத், திவ்யா தம்பதியின் மகள் வித்யாஸ்ரீ, மூன்று வயது, பேனர் நடுவில் பல் தெரியச் சிரித்தாள். சுற்றிலும் வட்டம் வட்டமாகச் சொந்தக்காரர்கள். இன்று சாயங்காலம் ஆறு மணிக்கெல்லாம் மண்டபத்தில் கட்டியாக வேண்டும். ரோலில் மிச்சம் இருப்பதோ இன்னும் ஒரே ஒரு தடவைக்கு. அதுவும் போனால் அடுத்த ரோல் சென்னையிலிருந்து வர ரெண்டு நாளாகும். சொன்ன சொல் தவறாதவன் என்று ஊரெல்லாம் மார்தட்டிய மனுஷன், வெறும் சுவருக்கு முன்னால் பிள்ளைக்குக் காது குத்திக்கொள்ளுங்கள் என்று எந்த வாயால் சொல்வார்?

நாகமலை புதுக்கோட்டையிலிருந்து சர்வீஸ் இன்ஜினியர் சாய்பிரசாத் பைக்கில் பறந்து வந்தார். சூட்டைப் பார்த்தார், சரியாக இருந்தது. ஷீட்டைக் கீழே இழுத்துப் பிடிக்கும் வேக்குவம் சரி. ரோல் கோணாமல் நேராக மாட்டியிருந்தது. குளிர்ந்து கிடந்த ரோலை அப்படியே போட்டீர்களா என்று விசாரித்தார். மூன்று நாளாக இதே அறையில்தான் கிடக்கிறது என்றான் பால்பாண்டி. கடைசியில் தானே பக்கத்தில் நின்று, கழிவுத் துண்டில் ஒரு சோதனை அச்சு எடுத்தார். இஸ்திரி போட்ட வேட்டி மாதிரி வந்தது.

"மெஷின்ல ஒண்ணுமே இல்ல பாய்" என்றார்.

கோளாறு என்றால் சரி பண்ணலாம். கோளாறே இல்லை என்றால் சிக்கந்தர் என்ன பண்ணுவார்?

பாழான மூன்று ஷீட்டையும் தரையில் வரிசையாக விரித்தார்கள். மூன்றிலும் உப்பல் ஒரே இடத்தில், குழந்தை முகத்துக்கு நேர் கீழே இருந்த வட்டத்தில். 'தாய்மாமன்' என்று தலைப்பு மட்டும் இருந்தது. உள்ளே படமும் இல்லை, பேரும் இல்லை.

படம் வைக்க விட்டுப்போச்சா என்று சாய்பிரசாத் கேட்டார். தானும் அப்படித்தான் நினைத்து அந்த வீட்டுக்குப் போன் போட்டதாகவும், அது காலியாகவே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டதாகவும் சிக்கந்தர் சொன்னார். தாய்மாமன் இல்லாத வீடு போலிருக்கிறது, யார் மடியில் உட்கார வைத்துப் பிள்ளைக்குக் காது குத்துவார்களோ என்று தன் கவலையோடு அந்தக் கவலையையும் சேர்த்துப் பட்டார். பால்பாண்டி குனிந்து மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

சாய்பிரசாத்துக்கு மனசு ஆறவில்லை. மையே விழாத வெற்று இடம் ஏன் உப்ப வேண்டும்? எப்போது ஓடினோம், எப்போது நின்றோம் என்று மெஷின் தானாகக் குறித்து வைத்திருக்கும். அதைக் கம்ப்யூட்டரில் திறந்து படித்தார். ஒரு தடவைக்கு ரெண்டு தடவை படித்தார்.

"மூணு தடவையும் நடுவுல நின்னுருக்கு பாய். மொதல்ல நாலு நிமிஷம். அடுத்தது ஏழு. இப்ப பன்னெண்டு. நின்ன எடத்துலயே சூடு ஏறிக்கிட்டு இருந்தா ஷீட்டு உப்பாம என்ன செய்யும்?"

"கரண்ட் போகலையே?"

"கரண்ட் இல்ல. ஆள் பட்டனை அமுக்கி நிறுத்தியிருக்கு."

உள்ளறையில் மெஷினோடு இருந்தது ஒரே ஆள்தான். சிக்கந்தர் பால்பாண்டி பக்கம் திரும்பினார். நாலு வருஷமாகக் கடைச் சாவியையே நம்பிக் கொடுத்த ஆள். சொந்தக் கையே கண்ணைக் குத்தும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை.

எதிர்க்கடைக்காரன் சொல்லிக் கொடுத்தானா, இந்த மெஷின் வந்ததில் உனக்கு என்ன வயிற்றெரிச்சல் என்று கேட்டார். பழைய மெஷினில் எம்புட்டு நேரம் நிறுத்தினாலும் ஷீட்டுக்கு ஒன்றும் ஆகாது, இது உப்பும் என்று சத்தியமாகத் தெரியாது என்று பால்பாண்டி தலையில் அடித்துக்கொண்டான்.

"சரி, தெரியாமத்தான் செஞ்ச. ஓடுற மெஷின எதுக்குய்யா நிறுத்துன? அதுவும் மூணு தடவை?" என்றார் சிக்கந்தர்.

பால்பாண்டி தரையில் உட்கார்ந்தான். உப்பிக் கிடந்த காலி வட்டத்தை உள்ளங்கையால் மெதுவாக நீவிவிட்டான்.

"இந்த வட்டம் வந்தப்பல்லாம் நிறுத்திட்டுப் பாத்துக்கிட்டே நின்னுட்டேன். ஆசப்பட்டவனைக் கட்டிக்கிட்டாளேன்னு, நீ எனக்குச் செத்துட்டன்னு சொல்லிட்டு வந்தவன் பாய் நான். அஞ்சு வருஷமாச்சு. இந்த எடத்துல வேற எவனையாச்சும் போட்டிருப்பாள்னு நெனச்சேன். காலியா விட்டு வச்சிருக்கா, எந்தங்கச்சி."