ஜாவோனுக்கு ஒரு விலை

டெட்ராய்ட்டில் இந்த வருடம் ஒரு பிள்ளையின் விலை ஆயிரம் டாலர். தன் வீட்டில் வளரும் பிள்ளையை வரிப் படிவத்தில் காட்டினால், சின்னச் சம்பளக்காரருக்கு அரசாங்கம் நாலாயிரம் வரை தரும், பேரம் அதற்குத்தான்.

“ஜாவோனை என் பேர்ல காட்டிக்கிறேன், டாமிகா. ஆயிரம் உனக்கு,” என்றாள் ரோண்டா, படிவம் நிரப்பும் கடையிலேயே.

“வருஷம் பூரா எங்கிட்டதான் இருக்கான். பொங்கிப் போடறது நானு. அந்தப் பணத்துலதான் அவன் ரூமுக்கு ஹீட்டர் வாங்கணும்.”

“ஆயிரத்தைந்நூறு!”

“நான் என்ன காய்கறியா விக்கிறேன்?”

கடைக்காரர் டாமிகாவிடம் கேட்டார்: “பையன் உங்களுக்கு என்ன உறவு?”

“தம்பி. என் பேர்லயே போடுங்க.”

“பெத்தவ நான் நிக்கறேன்!” என்று கத்தினாள் ரோண்டா.

“பெத்த கூலிதானே? என்னையும் சேர்த்து ரெண்டு பிள்ளைக்குப் போட்டுக்கம்மா,” என்றாள் டாமிகா. “அவனை வளர்த்த கூலியைக் கழிச்சா, நீதான் எனக்குத் தரணும்.”