டெலிவரி

வலி விட்ட இடைவெளியில் அவள் என் பக்கம் திரும்பி, "அக்கா, பார்சலுக்கும் இதுக்கும் எப்படி ஒரே வார்த்தை?" என்று கேட்டாள்.

இன்னும் ஒரு மணி நேரத்தில் டெலிவரி ஆகிவிடும் என்று டாக்டர் அப்போதுதான் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதைத் தமிழில் சொன்னபோது அந்த ஒரு சொல்லை மட்டும் நான் அப்படியே விட்டுவிட்டேன். எல்லோருக்கும் தெரிந்த சொல்தானே.

நான் அந்த மருத்துவமனையின் மொழிபெயர்ப்பாளர். அவளுக்குத் தெரிந்த ஒரே மொழி அந்த அறையில் என்னிடம் மட்டும்தான் இருந்தது.

எங்கள் வேலைக்கு இரண்டு விதிகள். அறையில் யார் எது பேசினாலும் ஒன்று விடாமல் மொழிபெயர்க்க வேண்டும். சொந்தமாக ஒரு சொல் சேர்க்கக் கூடாது.

பதினோரு வருடமாக இரண்டையும் நான் மீறியதில்லை.

அவளுக்கு இருபத்துமூன்று வயது. முன்பு பார்சல் கிடங்கில் வேலை பார்த்தவள். உறவென்று சொல்லிக்கொண்டு கூட ஒருவரும் வரவில்லை. கதவோரம் நாற்காலியில் சீருடை அணிந்த ஒரு பெண் உட்கார்ந்து, நிமிடத்துக்கொரு தரம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டிலின் மறுபக்கம் நர்ஸ். அவர் பக்கத்திலிருந்த கருவியில் குழந்தையின் இதயத்துடிப்பு கேட்டது, குதிரை ஓடுவது போல.

"பார்சல்னா 'உடையும், பாத்து'ன்னு மேல ஒட்டுவோம். எனக்கு யாரும் ஒட்டல."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். சிரிப்பு முடியும் முன் அடுத்த வலி வந்தது. என் விரல்களைப் பிடித்த பிடியில் எலும்பு நொறுங்கிவிடும் போலிருந்தது.

"ஏதாச்சும் சொல்லிட்டே இருங்கக்கா."

பயம் அவளுக்கு. அவளுடைய அம்மா இப்படி ஓர் அறையில்தான் போய்ச் சேர்ந்தாராம், தம்பியைப் பெற்றபோது. அரை மணி நேரத்துக்கு முன் அதை டாக்டருக்கு மொழிபெயர்த்தது என் வாய்தான்.

நான் விதியை மீறினேன்.

இந்த வேலைக்கு வந்த முதல் வாரமே அகராதியில் தேடிப் பார்த்த சொல் அது. பார்சலைக் கொண்டுபோய்க் கொடுத்தால் டெலிவரி. மேடையில் ஒருவர் பேசும் பாங்கும் டெலிவரி. பந்து வீசுகிறவன் கையை விட்டு அது கிளம்பினால் அதுவும் டெலிவரி. இத்தனைக்கும் வேர் ஒன்றுதான் என்று போட்டிருந்தது. அந்த வேரைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூட மனமில்லாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அதை அவளிடம் சொன்னேன்.

"அடி வேர்ல பாத்தா விடுதலைன்னு அர்த்தம்மா. கட்டை அவுத்து விடுறது. ஆதியில அது பிள்ளையைச் சொன்ன வார்த்தையே இல்ல, அம்மாவைச் சொன்னது. பெத்துப் பிழைச்சு அவ விடுபட்டான்னு."

அவள் இமைக்காமல் என்னைப் பார்த்தாள்.

"அப்ப இன்னிக்கு விடுதலை எனக்கா?"

கேட்டுவிட்டு, தலையைத் தூக்கித் தன் காலைப் பார்த்தாள்.

நானும் பார்த்தேன். காலையிலிருந்து நான் கண்ணைத் திருப்பிக்கொண்டே இருந்த இடம் அது. இடது கணுக்காலில் ஓர் இரும்பு வளையம். அதிலிருந்து கட்டில் கம்பி வரைக்கும் சங்கிலி.

கதவோரம் உட்கார்ந்திருந்தவர் சிறைக் காவலர். என்ன வழக்கு என்று எனக்குத் தெரியாது. யார் வாயிலும் அது வராததால் என் வாயிலும் வரவில்லை.

காவலர் எழுந்து வந்தார். இருவரும் என்ன பேசிக்கொள்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

வலியைப் பற்றி என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் முடிந்தது. ஒரு விதியைத்தான் மீறியாகிவிட்டதே, இன்னொன்றாவது மிஞ்சட்டும் என்று தோன்றியது. ஒன்று விடாமல் சொன்னேன். பார்சல், ஒட்டாத சீட்டு, வேர், தாய். கடைசியாக அவள் கேட்ட கேள்வியை, அவள் கேட்ட அதே குரலில்.



காவலர் அந்தச் சொல்லை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பேசத் தெரிந்த நாளிலிருந்து பேசிவந்த சொல்லை அன்றுதான் முதல் தடவையாகக் கேட்பவர் போல.

பிறகு இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார்.

மேலதிகாரியின் அனுமதி இல்லாமல் கழற்றினால் வேலை போய்விடும் என்று காலையில் நர்ஸிடம் சொன்னவர் அவர்தான். பூட்டு திறந்த சத்தம் விரல் சொடுக்கும் அளவுகூட இல்லை.

அவள் இடது முழங்காலை மடக்கினாள். நீட்டினாள். மறுபடி மடக்கினாள். அதுவரை சிரித்துச் சமாளித்தவள் அப்போதுதான் அழுதாள்.

பழைய நீதிமன்றங்களில் சிறையைக் காலி செய்வதற்கும் இதே சொல்தான் இருந்தது. அதை மட்டும் நான் அவளிடம் சொல்லவில்லை. நாளை மறுநாள் அவள் எங்கே திரும்பிப் போகவேண்டும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

நாற்பது நிமிடத்தில் பெண் குழந்தை பிறந்தது. காவலர் தொப்பியைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, நர்ஸ் சொன்னபடி அவளுடைய இடது காலை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்திருந்தார். குழந்தை வீரிட்டபோது அவளும் காவலரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அதை மொழிபெயர்க்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

எல்லாம் அடங்கியபின் காவலர் தன் பதிவேட்டைத் திறந்தார். சங்கிலி அகற்றப்பட்ட நேரத்தை எழுதினார். காரணம் என்ற கட்டத்தில் பேனாவைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்திருந்தார். பிறகு 'டெலிவரி' என்று எழுதி, என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

படிக்கிற மேலதிகாரிக்கு அது பிள்ளைப்பேறாகத்தான் தெரியும்.